வலைக்கு அடியில் நழுவும் கெண்டை

ஈசூன் வலை:
கொண்டோ குளம், யார் யாரோ கொண்டுவந்து விட்ட கோய், அதாவது அலங்காரக் கெண்டை. அதைப் பிடித்து அகற்ற இருபுறமும் நாலு பேர் நின்று இழுவலை இழுத்தோம். கரைக்கு இரண்டு மீட்டர் இருக்கையில் வலையின் அடியில் இருக்கும் ஈயக்கயிற்றை ஒட்டிச் சேறு வரிசையாகக் கொப்பளித்தது. வலையில் வந்தது திலாப்பியா மட்டும். அந்தக் கொப்பளிப்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. எங்கே தப்பு?

பழைய மடி:
அண்ணே, அடிக்கயிறு தரையைவிட்டு எழும்பியிருக்கும். வலை உயரம் தண்ணீர் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும், அப்போதுதான் நடுவே பைபோல் மடி விழும். வேகமாக இழுத்தால் ஈயம் தூக்கும், மிதவை முங்கும், கெண்டை மேலும் கீழும் தப்பும். கடைசி ஐந்து மீட்டரில் மேல்கயிற்றைத் தளர்த்தி அடிக்கயிற்றை முன்னே கரையேற்றுங்கள், ஒருவர் அதைக் காலால் அமுக்கியபடி வரட்டும். பம்புக் குழாய், கல், அல்லிச் சட்டி எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். தப்பிய கெண்டை வலையை மறக்காது, மறுநாளே இழுக்காதீர்கள். ஒரு வாரம் ஒரே மூலையில் வேகவைத்த மக்காச்சோளம் போட்டு, தரையில் பெட்டிவலை விரித்து, விடியுமுன் தூக்குங்கள். இரவில்தான் கூடும்.

செலேத்தார் தூண்டில்:
சோளம் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ளூர் மீன் சோளத்தைச் சீண்டாது, அதனால் அங்கே இந்த முறை எடுபட்டது. இங்கே சிங்கப்பூரில் திலாப்பியா முந்திக்கொள்ளும், மிஞ்சியது புளித்துத் தண்ணீரைக் கெடுக்கும். இதைப் படித்துவிட்டு நீர்த்தேக்கத்தில் யாரும் வலையோடு இறங்கவும் வேண்டாம். அங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்த இடங்களில் செயற்கை இரைத் தூண்டில் மட்டும்தான்.

பெரிய ஏரி என்றால் வேறு கணக்கு. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் கிரெசண்ட் ஏரியில் 1995இல் கெண்டையைக் கண்டார்கள். ஆண் மீன்களுக்குள் ரேடியோ கருவி வைத்து விட்டு, அவை போய்ச் சேரும் கூட்டத்தை வளைத்தார்கள். ஆண் தப்பினாலும் முட்டை போடாது. சதுப்புக்குள் போய் முட்டையிடாதபடி வேலியும் போட்டார்கள். கடைசிக் கெண்டை 2007இல்தான் சிக்கியது.

அல்லி வேர்:
நம் குளத்திலேயே இருக்கக்கூடிய முட்டையை இரண்டு பேரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பெரிய பெண் கெண்டை பத்து லட்சத்துக்கு மேல் போடும். ஆகாயத்தாமரை வேரில் பிசுபிசுவென்று ஒட்டி, நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். செடியை எடுத்து நன்றாகக் காயவிடுங்கள். குளத்துத் தண்ணீரை வடிப்பதானால், மீன் வெளியேறாதபடி குழாய் வாயிலேயே வலை கட்டினால் அடைத்துக்கொள்ளும், கூடைபோல் அகலமாகச் சட்டம் செய்து மாட்டுங்கள். பிடித்ததைக் கால்வாயில் விடவே கூடாது, அது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். விசாக தினத்துக்கு விடுகிறோம் என்று கேட்பவர்களிடமும் கொடுக்காதீர்கள்.

ஈசூன் வலை:
அளந்துவிட்டேன். ஆழப் பகுதி 1.4 மீட்டர், வலை 1.5தான். 2.1 மீட்டர் வலை தேடுகிறேன். யாரிடமாவது இருக்கிறதா?