பி.எஃப். இல்லாத அனுபவம் எல்லாம் போலியா? (சல்லடைக்குப் பதில்)

கணக்கப்பிள்ளை
"டெஸ்டிங் (மென்பொருள் சோதனை) வேலைக்குத் தயாராவது எப்படி" திரியில் நம் சல்லடை நேற்று உதிர்த்த முத்து: "யூ.ஏ.என். சர்வீஸ் ஹிஸ்டரியில் இல்லாத கம்பெனி ரெஸ்யூமில் இருந்தால் அது போலி. பேச்சே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்." (யூ.ஏ.என். என்பது ஊழியரின் பி.எஃப். எண். எந்தெந்த நிறுவனத்தில் இருந்தார் என்ற பட்டியல் அதில் வரும்.) அதற்கு 41 லைக் வேறு. 41 பேரில் ஒருவர்கூட 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை போலும்.

20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை. அடுத்தது, முன்பு எங்கும் பி.எஃப். உறுப்பினராக இல்லாதவர், சேரும் நாளில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக 15,000 ரூபாயைத் தாண்டினால் அவரைச் சேர்க்காமல் விடலாம். 2014 செப்டம்பர் முதல் இந்த 15,000. அதற்கு முன் 6,500. மூன்றாவது ரகம் கன்சல்டன்ட். பில் போட்டுப் பணம் வாங்குவார், தொழில்முறைக் கட்டணம் என்று வரி பிடிப்பார்கள், பி.எஃப். பக்கமே வர மாட்டார். இந்த மூன்று பேரும் பொய்யர்களா ஐயா?

சல்லடை
வாங்க கணக்கு. சட்டப் புத்தகத்தைத் தூக்கிட்டு வருவீங்கன்னு தெரியும்.

15,000 விதி எனக்கும் தெரியும். போலி அனுபவம் விக்கிறவனுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அவன் விக்கிற செட்ல ஆஃபர் லெட்டர், கடைசி மூணு மாச பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர், போன் அடிச்சா எடுத்துப் பேச ஒரு "எச்.ஆர்." எல்லாம் இருக்கும். கூடவே ஒரு வசனமும் இலவசம்: "சார், பேசிக் 15,000க்கு மேல, அதனால பி.எஃப். பிடிக்கல."

கூட்டிப் பார்ப்போமா? ஃப்ரெஷர் பேக்கேஜ் 3.36 லட்சம். மாசம் 28,000. பேசிக் 40 விழுக்காடுன்னா 11,200. இதுல 15,000 எந்த மூலையில ஒளிஞ்சிருக்கு?

20 பேர் கதையும் அதே லட்சணம்தான். ரெஸ்யூம்ல "டீம் சைஸ் 35"ன்னு போட்டிருப்பாங்க. பி.எஃப். எங்கேன்னா "சின்னக் கம்பெனி சார், 20 பேருக்குக் கீழ." மீதி ஆளுங்க டீ குடிக்கப் போயிருந்தாங்களா? இன்னொண்ணு, ஒரு தடவை சட்டத்துக்குள்ள வந்த நிறுவனம் அப்புறம் அஞ்சு பேரா சுருங்கினாலும் உள்ளதான் இருக்கும். அதை மட்டும் விட்டுட்டீங்க.

கேள்வி ஒண்ணுதான். பி.எஃப். எங்கே?

ஓ.எம்.ஆர். ஆந்தை
41 லைக்ல பாதி அவர் டீம் ஆளுங்கதான், விடுங்க அண்ணே.

கணக்கப்பிள்ளை
40 விழுக்காடு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அதே 28,000இல் 60 விழுக்காட்டை அடிப்படையாக வைத்தால் 16,800. 15,000ஐத் தாண்டியாயிற்று. முதலாளி பங்கு 12 விழுக்காட்டை மிச்சம் பிடிக்க இப்படிக் கட்டமைக்கிற நிறுவனங்கள் உண்டு. அது நிறுவனத்தின் கஞ்சத்தனம். அதற்கு வேலை பார்த்தவர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

பி.எஃப். இல்லாவிட்டால் 26ஏ.எஸ். பாருங்கள், அதாவது வருமான வரித் துறையின் வரிப் பிடித்த அறிக்கை. சம்பளத்தில் எந்த டான் எண்ணிலிருந்து (வரி பிடிக்கும் நிறுவனத்தின் எண்) வரி பிடித்தார்கள் என்று வரும். சென்னையில் வாங்கிய டான் என்றால் "சி.எச்.இ." என்று தொடங்கும். (போன மாதம் டான் எது, பான் எது என்று தெரியாமல் இங்கே நாலு பக்கம் சண்டை போட்டவர் யார் என்று சொல்ல மாட்டேன்.)

சல்லடை
டைப்பிங் பிழையை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டுவீங்க?

26ஏ.எஸ். பார்க்கச் சொல்றீங்க. 3.36 லட்சம் வாங்கறவருக்கு வரியே வராது. 2019-20ல இருந்தே, பழைய வரி முறையிலயே, வரிக்குரிய வருமானம் 5 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கு. வரி பிடிக்காதவரைப் போய் 26ஏ.எஸ்.ல தேடச் சொல்றது, கிணத்துல போட்டதைக் குளத்துல தேடுற கதை.

பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டா பி.டி.எஃப்.ஐத் திருத்திக் கொண்டு வர்றாங்க. ஒரு வரவைச் செருகினா அதுக்குக் கீழ இருக்கிற ஒவ்வொரு வரியிலயும் இருப்புத் தொகை மாறணும். அதை மறந்துடுவாங்க. கால்குலேட்டரை வெச்சு மேல இருந்து கூட்டிக்கிட்டே வந்தா பத்தாவது வரியில குட்டு வெளிப்பட்டுடும்.

பேஸ்லிப் அதைவிட சுலபம். சென்னைக் கம்பெனின்னு போட்டிருக்கும், தொழில்வரி மாசம் 200ன்னு வெட்டியிருக்கும். மாசம் 200 கர்நாடகா, தெலங்கானா கணக்கு. தமிழ்நாட்டுல அரையாண்டுக்கு ஒரு தடவை, மாநகராட்சிக்கு, உச்சம் 1,250. பெங்களூர் டெம்ப்ளேட்டை எடுத்து முகவரியை மட்டும் தரமணின்னு மாத்தினா இப்படித்தான் மாட்டும்.

கணக்கப்பிள்ளை
அரையாண்டுக்கு ஒரு தடவை *கட்ட* வேண்டும். ஊழியரிடம் மாதாமாதம் *பிடிக்கக்* கூடாது என்று யார் சொன்னது? ஐந்து மாதம் 208, ஆறாவது மாதம் 210, மொத்தம் 1,250. எத்தனையோ சென்னை நிறுவனங்களில் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

சல்லடை
நான் 200ன்னு சொன்னேன். 208ன்னு சொல்லல.

கணக்கப்பிள்ளை
"மாதம் வெட்டியிருந்தால் போலி" என்கிற தொனியில்தானே சொன்னீர்கள்.

சல்லடை
200. இருநூறு. மறுபடி படிங்க.

தாமிரபரணி
"தொழில்வரி" என்று அழகாக எழுதிய கை, "பேஸ்லிப்" என்று எழுதும்போது கூசவில்லையா? ஊதியச் சீட்டு. "ரெஸ்யூம்" தன்விவரக் குறிப்பு.

ஓ.எம்.ஆர். ஆந்தை
ஐயா வந்துட்டாரு. தன்விவரக் குறிப்புன்னு எழுதி அனுப்பினா முதல் ரவுண்டுலயே மென்பொருள் வடிகட்டித் தூக்கிடும் ஐயா. அதுக்குப் பொய்யே தேவைப்படாது.

சேலத்து மாம்பழம்
எல்லாருக்கும் வணக்கம். சரிபார்ப்புப் படிவத்துல வேலை இடைவெளிக்குன்னு ஒரு கட்டம் வருதே, 11 மாசம் இடைவெளி இருந்தா அதுல என்ன எழுதறது சரி? உண்மையை எழுதினா நிராகரிச்சிடுவாங்களா?

மென்பொறி மாமா
ரெண்டு பேரும் காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க. இப்ப பொய் காகிதத்துல இல்ல, கேமராவுல. முன்ன போன் இன்டர்வியூவுக்கு வேற ஆள் பேசுவான். அப்புறம் வீடியோ வந்ததும் ஒருத்தன் வாயசைக்க இன்னொருத்தன் பக்கத்துல உட்கார்ந்து பேசினான். அதுல "ப", "ம" வர்ற இடத்துல உதடு மூடாது, அங்கதான் மாட்டுவான். இப்ப ஏ.ஐ. காதுல கேட்டுத் திரையில பதிலை ஓட்டுது. அடையாளம் சொல்றேன்: கேள்வி சுலபமோ கஷ்டமோ, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி அதே நாலஞ்சு நொடி. அந்த நேரத்தை நிரப்பக் கேள்வியைத் திரும்பச் சத்தமாச் சொல்லுவான். கண்ணு இடமிருந்து வலம் ஓடி, சட்டுனு இடப்பக்கம் திரும்பும்.

மருந்து: கேள்விக்குள்ளயே தப்பை வெச்சுக் கேளுங்க. இல்லாத ஒரு வசதியின் பேரைச் சொல்லி "இதை எப்படிப் பயன்படுத்தினீங்க"ன்னு கேட்டா, தெரிஞ்சவன் "அப்படி ஒண்ணு இல்லையே"ன்னு முழிப்பான். படிக்கிறவன் மூணு நன்மை, ரெண்டு குறைன்னு வாசிப்பான்.

ஓ.எம்.ஆர். ஆந்தை
சூப்பர் மாமா. இன்டர்வியூ எடுக்கிறவர் பொய்யான கேள்வி கேட்கலாம், பதில் சொல்றவன் பொய் சொல்லக் கூடாது. அதோட பாதிப் பேர் ரெண்டாவது மானிட்டரை இடப்பக்கம் வெச்சிருப்பான், கண்ணு அங்க போகத்தான் செய்யும்.

கம்பெனிக்காரன் விளம்பரத்துல விடற கதையை எந்தச் சல்லடையில சலிக்கிறது? "6 லட்சம்"னு போடுவான். பிரிச்சுப் பார்த்தா முதலாளி பங்கு பி.எஃப். அதுக்குள்ள. கிராஜுவிட்டி, பேசிக்ல 4.81 விழுக்காடு, அதுக்குள்ள. அஞ்சு வருஷம் இருந்தாத்தான் அது கைக்கே வரும். இன்சூரன்ஸ் அதுக்குள்ள. "வேரியபிள்" 10 விழுக்காடு, அது வந்தாத்தான் வந்துச்சு. வேலையே இல்லாம விளம்பரம் போட்டு ரெஸ்யூம் சேர்க்கிறவனும் இருக்கான். 90 நாள் நோட்டீஸ் வெச்சுக்கிட்டு "உடனே சேரணும்"னு கேட்கிறான். இதுக்கெல்லாம் பேரு "பாலிசி".

சல்லடை
அதுக்குத் தனித் திரி தொடங்குங்க ஆந்தை. அவன் திருடன், அதனால நானும் திருடன்னு வாதம் பண்ணாதீங்க.

மாமாவுக்கு: உங்க கேமரா வித்தையெல்லாம் ரெண்டாவது. இன்டர்வியூவில எடுத்த படத்தையும் சேர வந்தவர் முகத்தையும் முதல் நாள் வெச்சுப் பார்த்தா வேலை முடிஞ்சுது. காகிதம்தான் நிக்கும். 2022 நவம்பர்ல ஆக்சென்ச்சர் இந்தியாவில ஆளுங்களை வேலையை விட்டு அனுப்பினது எதுக்கு? சில கம்பெனிகளோட காகிதத்தையும் அனுபவக் கடிதத்தையும் வெச்சு வேலை வாங்கினதுக்கு. அதே வருஷம் செப்டம்பர்ல விப்ரோவில 300 பேர்.

கணக்கப்பிள்ளை
விப்ரோவை ஏன் இழுக்கிறீர்கள்? அதன் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னது, விப்ரோவில் இருந்துகொண்டே போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை. அது மூன்லைட்டிங். போலி அனுபவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எண் பெரிதாக இருந்தால் போதும், எதையும் எடுத்துப் போடுவீர்கள்.

சல்லடை
ரெண்டும் பொய்தானே. சரி, காகிதத்துக்கே வர்றேன், எழுதி வெச்சுக்கோங்க.

லெட்டர்ஹெட்ல சி.ஐ.என். (கம்பெனியோட பதிவு எண்) இருக்கும், 21 எழுத்து. முதல்ல ஒரு எழுத்து, அப்புறம் அஞ்சு இலக்கம், மாநிலத்துக்கு ரெண்டு எழுத்து. அடுத்த நாலு இலக்கம் நிறுவனம் பதிவான வருஷம். அனுபவக் கடிதம் 2018ல இருந்து வேலை பார்த்ததாச் சொல்லுது, சி.ஐ.என். 2021ங்குது. கம்பெனி பிறக்கிறதுக்கு முன்னாடியே ஆள் சேர்ந்துட்டார்! அடுத்து கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல அதே எண்ணைப் போட்டா உயிரோட இருக்கா, பெயர் நீக்கப்பட்டதான்னு தெரியும்.

ஜி.எஸ்.டி. எண் பாருங்க. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1. 2016 மார்ச் தேதி போட்ட கடிதத்துல அந்த எண் இருந்தா எழுதினவர் ஜோசியர். முதல் ரெண்டு இலக்கம் மாநிலம்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா, 36 தெலங்கானா.

கடைசியா, இப்ப பி.எஃப்.ஐயும் சேர்த்தே விக்கிறான். அதுக்கும் வழி இருக்கு. பாஸ்புக்ல சம்பள மாசம் ஒரு கட்டம், பணம் வரவான தேதி இன்னொரு கட்டம். ஒழுங்கான கம்பெனி அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டும். 2022 ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் 12 மாசமும் 2023 நவம்பர்ல ஒரே வாரத்துல வரவாகியிருந்தா, அது கடையில வாங்கினது.

கணக்கப்பிள்ளை
நில்லுங்கள். பி.எஃப். *இருந்தாலும்* போலியாக இருக்கலாம் என்கிறீர்கள். பி.எஃப். *இல்லாவிட்டால்* கட்டாயம் போலி என்கிறீர்கள். அப்புறம் "பி.எஃப். எங்கே" என்ற கேள்விக்கு என்ன மதிப்பு? 41 லைக் வாங்கிய வாக்கியத்தை நீங்களே கழுத்தை நெரித்துவிட்டீர்கள்.

தாமதமாகக் கட்டுவது கடையில் வாங்கியதற்கு அடையாளமாம்! கையில் பணம் இல்லாத நிறுவனம் ஒரு வருஷ பாக்கியை வட்டியும் அபராதமுமாகச் சேர்த்துக் கட்டினால் பாஸ்புக் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஊழியர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிட்டு முதலாளி உட்கார்ந்திருப்பார். பொய்யன் பட்டம் ஊழியருக்கு.

பி.எஃப். பதிவில் விலகிய தேதி இன்னொரு கூத்து. பழைய நிறுவனம் அதைப் போடாமலே விட்டாலோ தப்பாகப் போட்டாலோ, இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததாகக் காட்டும். ஊழியர் தானே போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆக வேண்டும், அந்தக் கடைசி மாதத்துக்குள் ஒரு தேதிதான் போட முடியும். அதற்குள் உங்களைப் போன்ற ஒருவர் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

ஓ.எம்.ஆர். ஆந்தை
அண்ணே 🔥🔥 சல்லடையில ஓட்டை!

சல்லடை
சல்லடைன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும் ஆந்தை. அதான் சல்லடை.

கணக்கு, விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்காதீங்க. ஆயிரத்துல ஒரு கம்பெனி பாக்கி வெச்சுக் கட்டும். அவர் கையில மாசாமாசம் சம்பளம் வந்த பேங்க் வரவு இருக்கும், மெயில் இருக்கும், கூட வேலை பார்த்தவங்க இருப்பாங்க. கடையில வாங்கினவர்கிட்ட காகிதம் மட்டும்தான் இருக்கும்.

கணக்கப்பிள்ளை
அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்! பி.எஃப். மட்டும் பார்க்காதீர்கள் என்று!

சல்லடை
நீங்க 15,000ன்னுதான் சொன்னீங்க.

இளைய பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லிடறேன். "மாட்டினா வேலைதானே போகும்"னு நினைக்காதீங்க. 2024 ஜூலை 1ல இருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. ஏமாத்தி வேலை வாங்கறது பிரிவு 318, ஏமாத்தறதுக்காகப் பொய் ஆவணம் தயாரிக்கிறது 336, அதை அசல்னு காட்டறது 340. வேற ஆளை உட்கார வெச்சா 319, அஞ்சு வருஷம் வரைக்கும். பழைய 420னு சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க.

மென்பொறி மாமா
எத்தனை கம்பெனி புகார் கொடுக்குது? சத்தமில்லாம அனுப்பிட்டு அடுத்த ஆளை எடுக்கும். காகிதம் நிக்கும்னீங்க. இல்லாத வசதியைக் கேளுங்கன்னு நான் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லல.

தாமிரபரணி
"மூன்லைட்டிங்" – நிலவொளிப் பணி. எழுதிப் பழகுங்கள்.

ஓ.எம்.ஆர். ஆந்தை
நிலவொளிப் பணியா? ஐயா, அது ராத்திரி வாட்ச்மேன் வேலை மாதிரி இருக்கு.

சேலத்து மாம்பழம்
அந்த 11 மாச இடைவெளிக் கட்டம்... யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

சல்லடை
உண்மையை எழுதுங்க தம்பி. மாசம், வருஷம், காரணம் ஒரு வரி. இடைவெளிக்காக நிராகரிக்கிறது ரொம்பக் குறைவு. இடைவெளியை மூட ரெண்டு பக்கமும் தேதியை இழுத்து வெச்சதுக்குத்தான் அடி விழும், ஏன்னா பி.எஃப்.ல சேர்ந்த மாசமும் விலகின மாசமும்...

கணக்கப்பிள்ளை
பி.எஃப். இல்லாத நிறுவனமாக இருந்தால்?

சல்லடை
ஆரம்பிச்சிட்டீங்களா?

கணக்கப்பிள்ளை
தம்பி, முதல் வேலையில் உங்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? 15,000க்கு மேலா, கீழா? அதை முதலில் சொல்லுங்கள்.

சல்லடை
தம்பி, அவரை விடுங்க. பேஸ்லிப்ல தொழில்வரி மாசம் எவ்வளவு பிடிச்சிருக்கு, 200ஆ 208ஆ? அதைச் சொல்லுங்க.