பீன்யா சுவரோரம் ஊசியிலை மரங்கள்: வேர்ப்பூஞ்சைத் தூளை நம்பி நடலாமா?

தாசரஹள்ளி செல்வி:
எங்கள் குடியிருப்புச் சங்கம் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டி மரம் நடப்போகிறது. பாதி பைன், பாதி கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அராகேரியா. குழியில் வேர்ப்பூஞ்சைத் தூள், அதாவது மர வேரோடு கூடி வாழும் பூஞ்சையைக் கொண்ட தூள், போட்டால் புகையும் உலோகக் கழிவும் மரத்தை ஒன்றும் செய்யாது என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். மாசு அந்தப் பூஞ்சையையே தாக்கும்போது அது மரத்தை எப்படிக் காக்கும்?

பைன் தன் இலையில் உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேருக்கு அனுப்புகிறது. அதை உண்டு வாழும் பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸும் நைட்ரஜனும் நீரும் கொண்டுவந்து தருகிறது. கந்தக டை ஆக்சைடும் ஓசோனும் ஊசியிலையைக் கருக்கினால் சர்க்கரை குறையும், பூஞ்சை பட்டினி கிடக்கும். மண்ணில் அமிலம் ஏறினால் அலுமினியம் கரைந்து நுனிவேர்களைச் சிதைக்கும். கால்சியமும் மக்னீசியமும் மழையோடு போய்விடும். 1980களில் ஜெர்மனியின் காடுகள் வாடியபோது அறிஞர்கள் கவலைப்பட்டது இதை எண்ணித்தான்.

நாற்றங்கால் முத்து:
அக்கா, நீங்கள் சொன்ன வேதியியல் சரி, முடிவு சரியில்லை. பெல்ஜியத்தில் பழைய துத்தநாக உருக்காலைகளைச் சுற்றியுள்ள மண்ணில் சுயில்லஸ் லூட்டியஸ் என்னும் பூஞ்சை துத்தநாகத்தைத் தாங்கப் பழகிவிட்டது. அந்த வகையை வேரில் ஏற்றிய பைன் நாற்றுகள், துத்தநாகம் மிகுந்த மண்ணிலும் நன்றாக வளர்ந்தன. அமெரிக்காவில் சுரங்கக் கழிவு மேடுகளில் பிசோலித்தஸ் பூஞ்சை ஏற்றிய பைன் நாற்றுகளைப் பிழைக்கவைத்தார் டொனால்டு மார்க்ஸ் என்னும் ஆய்வாளர். பூஞ்சையே இல்லாத மண்ணில் பைன் தேறாது என்பது நாற்று வளர்க்கும் எவருக்கும் தெரியும். தூளை வேண்டாம் என்பது அந்தக் குழந்தைகளைக் கைவிடுவதாகும்.

மல்லேஸ்வரம் ராகவன்:
தம்பி முத்து, முதலில் ஒரு திருத்தம். பைன் வேரின் நுனியைப் பூஞ்சை வெளியிலிருந்து உறைபோலப் போர்த்துகிறது. லால்பாக் பூங்காவில் நாம் பார்க்கும் அராகேரியாவிலோ வேறொரு பூஞ்சைக் கூட்டம் வேரின் செல்லுக்குள் நுழைந்து வாழ்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு பூஞ்சைகளாலும் அராகேரியாவுக்குப் பயனில்லை.

இன்னொன்று, எல்லோரும் மறக்கும் நைட்ரஜன். வண்டிப்புகையும் தொழிற்சாலைப் புகையும் அதை மண்ணில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. உரம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை தருவதைக் குறைத்துக்கொள்கிறது. நெடுந்தூரம் இழையோடி மட்கிலிருந்து சத்தைப் பிரித்துத் தரும் இனங்கள் முதலில் மறைகின்றன. 20 ஐரோப்பிய நாடுகளின் 137 காட்டுத் திடல்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 6 கிலோ நைட்ரஜன் விழுந்தாலே பூஞ்சைக் கூட்டம் மாறிவிடுகிறது என்றது. கண்ணுக்கு மரம் பச்சையாகவே நிற்கும். வேரடியில் துணை மாறியிருக்கும்.

தாசரஹள்ளி செல்வி:
முத்து, பெல்ஜியப் பூஞ்சை தாங்குவது துத்தநாகத்தை. ஓர் உலோகத்துக்குப் பழகியது இன்னோர் உலோகத்தையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே மின்முலாம் பூசும் பட்டறைகள் விடுவது குரோமியமும் நிக்கலும். அந்த உருக்காலைகளைச் சுற்றிப் பல தலைமுறையாகப் பூஞ்சைகள் மடிந்து, எஞ்சியவை பெருகியதால் வந்த வலிமை அது. கடையில் வாங்கும் பொட்டலத்தில் அது இருப்பதாக யார் உறுதி தந்தார்கள்?

கழிவைச் சுவருக்கு அந்தப் பக்கமே நிறுத்தவேண்டும். அதைக் கேட்காமல் மரத்தை முன்னால் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

நாற்றங்கால் முத்து:
கழிவு நிற்கும்வரை காத்திருந்தால் ஒரு மரமும் நடமாட்டோம் அக்கா. பைனுக்குப் பூஞ்சை வேண்டும் என்பதில் நான் அசையமாட்டேன். அராகேரியாவுக்கு அதே தூளை விற்றது தவறு. அதைச் சங்கத்தில் நானே சொல்கிறேன்.

தாசரஹள்ளி செல்வி:
சொல்லுங்கள். கூடவே மண்ணின் அமிலநிலை, குரோமியம், நிக்கல் மூன்றையும் பரிசோதிக்கக் கேளுங்கள். அறிக்கை வராமல் தூளுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.