கேம்பர் வேனுக்கு கார் போர்ச்சில் சாக்கெட்: 2.5 எம்எம் வயரா, 4 எம்எம் வயரா?

செத்தாபாக்_வேன்:
வணக்கம். மலேசியாவில் சிங்கிள் ஃபேஸ் தெரஸ் (வரிசை) வீடு. சமையலறை டிபியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) கார் போர்ச் வரை 22 மீட்டர் பைப் போக வேண்டும். வேனில் ஏர்கோன் 900 வாட், கெட்டில் 2000 வாட், பேட்டரி சார்ஜர் 500 வாட். இப்போது 13 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டால் பிளக் கை வைக்க முடியாத சூடு. 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டால் சரியாகுமா?

கெப்போங்_வயர்:
32 வேண்டவே வேண்டாம். மூன்றும் சேர்ந்து 3400 வாட், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக் சூடாவது அதனால்தான். 16 ஆம்பியர் நீலநிற மூன்று பின் சாக்கெட் போடுங்கள். மழைச்சாரல் அடிக்கும் இடமென்றால் ஐபி67, அதாவது தண்ணீர் புகாத தரம். இந்த பிளக்கில் ஃபியூஸ் கிடையாது, அதனால் எம்சிபிதான் அதற்குக் காவல். 32 போட்டால் சாக்கெட் உருகும், எம்சிபி அசையாது. 16 ஆம்பியர், சி டைப் போதும். ஏர்கோன் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு பி டைப் சில நேரம் வீணாக விழும் (துண்டித்துவிடும்).

வயர் 4 எம்எம் (சதுர மில்லிமீட்டர் குறுக்களவு). 2.5 எம்எம் வயரில் ஆம்பியருக்கு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் இறங்கும். 22 மீட்டரில் 16 ஆம்பியருக்கு 6.3 வோல்ட். 4 எம்எம் என்றால் 11 மில்லிவோல்ட், மொத்தம் 3.9. வேனின் சொந்த கேபிளிலும் கொஞ்சம் இறங்கும், அதையும் கூட்டிப் பாருங்கள். அந்த கேபிளை ரீலில் சுற்றியபடி ஓடவிடாதீர்கள், உள்சுற்று வெந்துவிடும்.

செத்தாபாக்_வேன்:
நன்றி அண்ணே. டிபியில் ஏற்கெனவே 100 மில்லிஆம்பியர் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, அது போதாதா?

பட்டர்வொர்த்_கரண்ட்:
ஆளைக் காப்பாற்ற அது போதாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு வேனைத் தொடுகிறவருக்கு 30 மில்லிஆம்பியர் வேண்டும். நம் வீடுகளில் எர்த் கம்பி மண்ணில் அடித்த ராடுக்குத்தான் போகிறது. அந்த மண்ணின் தடையில் எர்த் கோளாறுக்கு எம்சிபி விழும் அளவு கரண்ட் ஓடாது, இஎல்சிபிதான் துண்டிக்கும். எம்சிபியும் 30 மில்லிஆம்பியர் கசிவுக் காவலும் ஒன்றாகிய, லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் ஆர்சிபிஓ வாங்குங்கள். சார்ஜர் இருப்பதால் ஏ டைப் கேளுங்கள். ஏசி டைப், சார்ஜரிலிருந்து கசியும் டிசி கலந்த கரண்டை உணராமல் போகலாம். பெரிய கசிவு வந்தால் மேலே உள்ள 100-உம் சேர்ந்து விழுந்து வீடே இருட்டாகும், அது பழுதல்ல.

வேனில் இன்வெர்ட்டர் (பேட்டரி கரண்டை வீட்டு கரண்டாக மாற்றும் கருவி) இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது சில இன்வெர்ட்டர் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து வைக்கும். வீட்டு கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) அந்த இணைப்பைப் பிரிக்காவிட்டால், செருகிய உடனே 30 மில்லிஆம்பியர் விழும். அதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அது கொலைக்குச் சமம்.

கெப்போங்_வயர்:
நிறம் கவனம். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கருப்புதான் நியூட்ரல். வேன் கேபிளில் நீலம் நியூட்ரல், பழுப்பு லைவ். சாக்கெட்டில் எல் (லைவ்), என் (நியூட்ரல்) எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். சுருஹான்ஜாயா தெனாகா (மலேசிய எரிசக்தி ஆணையம்) லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்து, டெஸ்ட் முடிந்ததும் ஃபாரம் ஜி (வேலை முடிந்த சான்று), ஃபாரம் எச் (டெஸ்ட் சான்று) இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.