வழக்காடும் வக்கீலே வகுப்பும் எடுக்கிறார்: தேர்வுக்கு உதவுமா?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கிறேன். குற்றவியல் நடைமுறையையும் அடிப்படை உரிமைகளையும் சேர்த்து எங்களுக்கு நடத்துபவர், பகலில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல். பெயர்களை மை பூசி மறைத்த அரெஸ்ட் மெமோ (கைது விவரத்தைப் போலீஸ் எழுதும் தாள்) ஒன்றைக் கையில் கொடுத்து, "இதில் எங்கே இடிக்கிறது?" என்கிறார். வகுப்பு முழுக்க அதிலேயே போய்விடுகிறது. அரசியலமைப்பின் 20(3), 21, 22 பிரிவுகளை எப்போது முடிப்பார்? தொழில் செய்கிறவர் பாடம் நடத்தலாமா என்றும் ஒரு நண்பன் கேட்கிறான்.

வக்கீல் குமாஸ்தா:
நடத்தலாம். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதிகளே இடம் தருகின்றன. நண்பரை வேறு குறை தேடச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக் கரையான்:
தம்பி, எனக்கும் அதே பிழைப்புதான். பகலில் கோர்ட், சாயங்காலம் கரும்பலகை. அந்தத் தாளை நானும் கொடுப்பேன்.

கைது நேரத்தைப் பாருங்கள். வெள்ளி காலை 6 மணி, பஸ் நிறுத்தம் என்று எழுதியிருப்பார்கள். தாயாரைக் கேட்டால், வியாழன் இரவே சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள் என்பார். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22(2). அந்த ஓர் இரவு எந்தக் கணக்கில் சேரும்? அடுத்து சாட்சிக் கையெழுத்து. குடும்பத்தாரோ அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரோ போட வேண்டும். யாரென்றே தெரியாத ஒருவர் போட்டிருந்தால், வேறு மெமோக்களிலும் அவர் தலை காட்டுகிறாரா என்று தேடுங்கள். பிறகு கைதுக்கான காரணம். எந்தக் குற்றமானாலும் அதைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். உடனே முடியாவிட்டால், காவலில் வைக்க உத்தரவு கேட்டு நடுவர் முன் நிறுத்தும் ரிமாண்டுக்கு 2 மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர்க்காரர் கையில் ஆங்கிலத் தாளைத் திணித்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

கைதின்போது போலீஸ் பின்பற்ற வேண்டியவை என்று டி.கே. பாசு வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் தந்த 11 கட்டளைகளை உருப்போட்டவன் தேர்வு அறையில் பாதியை விட்டுவிடுவான். மெமோ படித்தவனுக்கு அவை தானாக வரும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸாரால் தாக்கப்பட்டுச் சிறைக்குப் போய் இறந்தார்கள். காயத்தோடு வந்தவர்களை எப்படி ரிமாண்டு செய்தார்கள் என்று அன்று ஊரே கேட்டது. நம் பக்கத்தில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர் ரிமாண்டில் மெனக்கெடாமல் வேறு எதில் மெனக்கெடுவார்?

பாளை மாணவன்:
நடுவர் முன்னால் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது என்கிறார்களே, அண்ணாச்சி. எதைச் சொல்வது?

தாமிரபரணிக் கரையான்:
எழுதிக் கொடுங்கள். ஒரு பக்க ஆட்சேபணை போதும்: உண்மையான கைது நேரம், யாருக்குத் தகவல் போனது, காரணம் எழுத்தில் கிடைத்ததா. அடிபட்டிருந்தால் சட்டையைக் கழற்றி நடுவரிடம் காட்டச் சொல்லுங்கள், காயத்தை உத்தரவில் பதியக் கேளுங்கள். அன்றே உத்தரவின் நகலுக்கும் மனுப் போடுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நேர்ந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

தேர்வுக்கு ஒன்று: 24 மணி நேரக் கெடுவும் ரிமாண்டும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 57, 167; 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 58, 187. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் குழப்பி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.