ஜட்டியில் கறை என்றால் வயிற்றுப்போக்கு இல்லையாம்! மலச்சிக்கல் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாங்க

பாதிரிப்புலியூர் அம்மா:
பையன் யூ.கே.ஜி. எப்போது ஆரம்பித்தது, என்னென்ன கொடுத்துப் பார்த்தோம் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்த கதைதான், விட்டுவிடுகிறேன். தினமும் பள்ளியிலிருந்து கறையோடு வருவான். "டாய்லெட் பழக்கம் சொல்லிக்கொடுக்கவும்" என்று மிஸ் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். பக்கத்து கிளினிக்கில் வயிற்றுப்போக்கு என்று உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். கறை நின்றபாடில்லை.

அப்புறம் பாண்டியில் ஒரு லேடி டாக்டர். பையனைப் படுக்கவைத்து, என் கையை எடுத்து அவன் தொப்புளுக்குக் கீழே வைத்து, "அழுத்திப் பாருங்கம்மா" என்றார். உள்ளே காய்ந்த களிமண் உருண்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. "எல்லாம் தேங்கின மலம். அதைச் சுற்றி வழியுற தண்ணிதான் ஜட்டியில் படுது. குடல் விரிஞ்சுபோனதால வர்ற உணர்வே அவனுக்குத் தெரியாது" என்றார். மேசையில் படுத்தபடியே பையன், "நான் வேணும்னு பண்ணலைன்னு சொன்னேன்ல" என்றான். மிஸ்ஸும் அவன் அப்பாவும் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்!

தண்ணீரில் கரைக்கிற பவுடர் எழுதிக் கொடுத்தார், பாலிஎத்திலீன் கிளைக்கால். அடைப்பு எடுக்க முதல் சில நாள் அதிக அளவு, பிறகு குறைந்த அளவில் மாதக்கணக்கில். அந்த முதல் சில நாள் பள்ளி கிடையாது, பாத்ரூம் வாசலிலேயே குடித்தனம்.

கெடிலக்கரை:
என் பெண்ணுக்கும் இருந்தது, சரியாகிவிட்டது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் மாதக்கணக்கில் பவுடர் என்று படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சின்னக் குடல் அது, பழகிவிட்டால் அப்புறம் பவுடர் இல்லாமல் போகவே போகாது. ராத்திரி உலர் திராட்சையை ஊறவைத்துக் காலையில் பிசைந்து கொடுங்கள். கொய்யா, பப்பாளி, கீரை. பிஸ்கட்டையும் பரோட்டாவையும் கண்ணில் காட்டாதீர்கள். சாதம் சாப்பிடாத பிள்ளைக்குப் பாலையே ஊற்றி ஊற்றி வளர்க்கிறார்கள், அதைக் குறையுங்கள். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய், நம் பாட்டிமார் எல்லாம் அப்படித்தான். பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் போய்ப் பாருங்கள், சுளை சுளையாகத் தின்கிறவனுக்கு மலச்சிக்கல் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

முத்தியால்பேட்டை சித்தி:
கெடிலக்கரை அண்ணா, பால் விஷயம் சரி. விளக்கெண்ணெய்ப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். நாத்தனார் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு வந்ததும் என் மகள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். சபையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒருதரம் வலித்தால் அடுத்த தரம் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்கினால் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். பீரோ மூலையில் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில், முகம் சிவக்க நிற்பாள். முக்குகிறாள் என்று மாமியார் சொல்வார், முக்கவில்லை, அடக்குகிறாள்!

அப்புறம் அந்தப் பவுடர் குடலை முடுக்கிவிடுகிற மருந்து இல்லை. உடம்பில் அநேகமாகச் சேராமல் குடலிலேயே தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டு நிறுத்தினால் திரும்ப வருவது விரிந்த குடல் இன்னும் பழைய நிலைக்கு வராததால். வலியில்லாமல் போய்ப் போய்ப் பிள்ளைக்குப் பயம் தெளிய வேண்டாமா? குறைந்தது 2 மாதமாவது கொடுத்து, ஒழுங்காகப் போக ஆரம்பித்த பிறகுதான் மெதுவாகக் குறைக்கச் சொல்கிறார்கள். கொய்யாவும் கீரையும் கொடுங்கள், நல்லதுதான். அடைத்துக்கொண்டிருப்பதைத் திராட்சை வெளியே எடுக்காது.

கோரிமேடு மாமா:
நீங்கள் சண்டையைத் தொடருங்கள், நடுவில் என் தங்கை குழந்தை கதை. கைக்குழந்தை, வயிறு உப்பி, பச்சையாக வாந்தி. ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெரிய பெரிய டெஸ்ட் சொல்வார்கள் என்று பார்த்தால், டாக்டர் கேட்டது "பிறந்து எவ்வளவு நேரத்துல முதல் கருப்பு மலம் போச்சு?" தங்கை முழித்தாள், மச்சான் என்னைப் பார்த்தார். தங்கையின் மாமியார்தான் பின்னாலிருந்து, "மூணாம் நாள்தாங்க, துணி அலசினவ நான்தானே" என்றார். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் 24 மணி நேரத்தில் போய்விடுமாம், 48 தாண்டினால் பார்த்தாக வேண்டும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்றார்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்களே இல்லாமல் பிறப்பது. மலக்குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதிசெய்து, ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக ஓடுகிறான். இதற்குப் பவுடரும் ஆகாது, பலாச்சுளையும் ஆகாது.

கெடிலக்கரை:
பலாச்சுளையை விடமாட்டீர்கள் போல. நான் சொன்னது சாதாரண மலச்சிக்கலுக்கு.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
பாதியில் நுழைகிறேன். பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தீர்களா? என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலையே திறக்கமாட்டாள். கேட்டதற்கு, "கதவைப் பிடிச்சுக்க ஆள் வேணும் மிஸ்" என்றாள். கொக்கி வாங்கி நானே மாட்டச் சொன்னேன்.

பாதிரிப்புலியூர் அம்மா:
டீச்சர், அவன் பள்ளியில் கதவு இருக்கிறது, தண்ணீர்தான் வருவதில்லை. அதனால் வீட்டிலேயே பழக்குகிறோம். சாப்பிட்டு எழுந்ததும் குடல் தானாக அசையுமாம், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பத்து நிமிடம் உட்காரவைக்கிறேன். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க வராது என்று டாக்டர் சொன்னார், மனைப்பலகையைக் காலுக்குக் கீழே போட்டிருக்கிறோம். போனாலும் போகாவிட்டாலும் திட்டு கிடையாது, அவன் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. பவுடரை வெறும் தண்ணீரில் கொடுத்தால் துப்புகிறான். முத்தியால்பேட்டை அக்கா, நீங்கள் எதில் கலந்தீர்கள்?

முத்தியால்பேட்டை சித்தி:
மாதுளை ஜூஸ். நன்றாகக் கரைந்த பிறகு கொடுங்கள், அடியில் தங்கினால் கண்டுபிடித்துவிடுவான்.