ஐபிஎஸ் குடல் கோளாறுக்கு அக்குபங்சர்: யாருக்காவது பலன் கிடைத்ததா?

நிலாமுற்றம்:
எனக்கு ஐபிஎஸ் என்று டாக்டர் சொல்லி ரொம்ப நாளாகிறது. வயிற்றுவலி, உப்புசம், ஒரு வாரம் மலச்சிக்கல் என்றால் அடுத்த வாரம் பேதி. எங்கே போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். மாத்திரை போட்டால் கொஞ்ச நாள் அடங்குகிறது, அப்புறம் பழையபடிதான். வீட்டில் அக்குபங்சர் போய்ப் பார் என்று ஒரே பிடிவாதம். விசாரித்தால், வந்த முதல் நாளே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டும் என்கிறார் அந்தச் சிகிச்சையாளர். அதுதான் உதைக்கிறது. நிஜமாகவே கேட்குமா, இல்லை எல்லாம் நம்பிக்கைதானா?

காற்றாடி:
எனக்குக் கேட்டது. தொப்புளுக்கு இரண்டு பக்கமும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்திலும் ஊசி குத்துவார்கள். சுருக்கென்று ஒரு நொடி, அப்புறம் அந்த இடம் லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். படுத்திருக்கும்போதே தூக்கம் சொக்கும். வலி நன்றாகக் குறைந்தது, உப்புசம்தான் அவ்வளவாகக் குறையவில்லை. ஆராய்ச்சி அது இது என்று குழம்பாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எண்ணும்எழுத்தும்:
காற்றாடிக்கு வலி குறைந்ததை நான் மறுக்கவில்லை, ஆனால் ஊசியால்தான் குறைந்ததா என்பதுதான் கேள்வி. ஐபிஎஸ் தானாகவே ஏறி இறங்குகிற வியாதி, நாமும் ரொம்ப முடியாத நேரத்தில்தான் புது வைத்தியம் தேடிப் போகிறோம். அதனால்தான் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதன் முனை மழுங்கல். அழுத்தினால் கைப்பிடிக்குள் போய்விடும், தோலைத் துளைக்காது, படுத்திருப்பவருக்குக் குத்திய மாதிரியே இருக்கும். 2009இல் 230 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் நிஜ ஊசிக்காரர்களில் 41 சதவீதம் பேருக்கும் போலி ஊசிக்காரர்களில் 32 சதவீதம் பேருக்கும் தேவலை. புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களில் 4 சதவீதம்தான்! 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் போலி ஊசியைவிட நிஜ ஊசி மேல் என்று தெரியவில்லை. சில சீன ஆய்வுகளில் மாத்திரையைவிட அக்குபங்சர் ஜெயித்தது, ஆனால் அதில் யாருக்கு என்ன சிகிச்சை என்பது நோயாளிகளுக்கே தெரியும்.

நிலாமுற்றம்:
சரி, போலி ஊசிக்கே 32 சதவீதம் பேருக்குத் தேவலை என்றால் போய்ப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

எண்ணும்எழுத்தும்:
நியாயமான கேள்வி. 2008இல் 262 பேரிடம் இதையே சோதித்தார்கள். ஊசி வைத்த எல்லாருக்கும் போலி ஊசிதான், ஆனால் ஒரு குழுவிடம் மட்டும் சிகிச்சையாளர் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கரிசனமாகப் பேசினார். மூன்று வாரத்தில் அவர்களில் 62 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். அதிகம் பேசாமல் ஊசி மட்டும் வைத்த குழுவில் 44, காத்திருந்தவர்களில் 28. நம் குறையை ஒருவர் பொறுமையாகக் கேட்பதற்கே அவ்வளவு பலன். நம்ம டாக்டர்களுக்கு யாராவது இதை அனுப்பி வையுங்கள்.

மழைக்காகம்:
நஷ்டம் ஊசியில் இல்லை, அந்த மாத்திரை விஷயத்தில் இருக்கிறது. நிறுத்தச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். ஐபிஎஸ்ஸுக்குக் குறைந்த அளவில் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்தைத் திடீரென்று விட்டால் தலைவலி, தூக்கமின்மை என்று வேறு தொல்லை வரும். 2023இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் அந்த மருந்துக்கு வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் இருந்தது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் அக்குபங்சரைத் தள்ளிவைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லை, கையில் காசும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா, உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காற்றாடி:
மாத்திரை விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, இப்போதும் இரண்டும் சேர்ந்துதான் ஓடுகிறது.