எச்.ஐ.வி.யோட வளர்ற பிள்ளைங்களுக்குப் பல், வாய்ப் பிரச்சினை: பார்த்தவங்க, பட்டவங்க சொல்லுங்க

கரூர் சித்தி:

பையன் எங்க அக்கா மகன். எட்டு வயசு. அக்கா இப்ப இல்ல, நான்தான் வளர்க்கிறேன். எச்.ஐ.வி.யக் கட்டுப்படுத்துற ஏ.ஆர்.டி. மாத்திரை ஒரு வேளை தப்பினதில்ல, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல கிருமி அளவு, கட்டுக்குள்ள இருக்கு. தொல்லை பல்லுலதான். கீழ கடைவாய்ப் பல் ரெண்டும் குழி. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து தாடையப் பிடிச்சுக்கிட்டு சத்தமில்லாம உக்காந்திருப்பான்.

ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். மறைக்கக் கூடாதுன்னு நானே ஏ.ஆர்.டி. நோட்டை எடுத்துக் காட்டினேன். எங்களுக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாரும் பார்த்துட்டுப் போயிட்டாங்க. கடைசியாக் கூப்பிட்டாங்க. உள்ள போனா நாற்காலி முழுக்கக் கெட்டியான பாலிதீன் ஷீட்டைப் போர்த்தி, ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. பையன் அரை டவுசர். தொடை அதுல ஒட்டிக்கிச்சு. அசையுறப்பெல்லாம் சரசரன்னு சத்தம். தூரத்துல நின்னு டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க, வாய்க்குள்ள கண்ணாடியக்கூட விடல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டாங்க.

பஸ்ல ஏறி உக்காந்ததும் கேட்டான்: "சித்தி, நான் ஒண்ணுக்குப் போயிடுவேன்னு நெனச்சாங்களா?"

அவனுக்கு இன்னும் விஷயம் எதுவும் தெரியாது. சின்னப் பசங்கன்னா அப்படித்தான் விரிப்பாங்கன்னு சொல்லி வெச்சேன். "நான் எப்பவோ நிறுத்திட்டேன்ல"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். மூணு வாரம் ஆச்சு. எனக்கு அந்தச் சரசர சத்தம் போகமாட்டேங்குது.

தேனிக்காரன்:

எங்க வீட்டுல நடந்தது 2005. அண்ணன் மகளுக்கு அப்ப நாலு வயசு. ரெண்டு பக்கமும் காதுக்குக் கீழ வீக்கம். பொன்னுக்கு வீங்கின்னு எங்க அம்மா தன் கழுத்துச் சங்கிலியக் கழட்டிப் பிள்ளைக்குப் போட்டுச்சு, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுச்சு. பொன்னுக்கு வீங்கி பத்து நாள்ல வத்தணும்ல? ரெண்டு மாசம் ஆகியும் வத்தல. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, வீக்கம் மட்டும் அப்படியே. பிள்ளை பாட்டுக்கு விளையாடுது. பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா தாடையத் தடவிப் பார்த்துட்டு, நாக்கைப் பார்த்தாங்க. வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. அப்புறம் மெதுவா, "அப்பா என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. அண்ணன் லாரி டிரைவர். எச்.ஐ.வி. பரிசோதனை செய்ற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினாங்க. பிள்ளை, அண்ணி, அண்ணன் மூணு பேருக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

சொல்ல வந்தது அது இல்ல. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஒருத்தர், சங்கிலியக் கழட்டி டெட்டால்ல போட்டு எடுங்கன்னாரு. எங்க அம்மா பள்ளிக்கூடம் போகாத மனுஷி. பேத்தி கழுத்துல இருந்து கழட்டி, அந்த வேர்வையோட, அத்தனை பேர் முன்னாடி தன் கழுத்துல போட்டுக்கிச்சு. ஒரு வார்த்தை பேசல.

சேலம் செல்வி:

கரூர் சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க, நோட்டைக் காட்டினது உங்க தப்பு. பல்லு பார்க்கப் போற இடத்துல அதை ஏன் சொல்லணும்? எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதேதான், சொல்லாமப் போய் அடைச்சுட்டு வந்தாங்க, ஒரு பிரச்சினையும் இல்ல.

இன்னொண்ணு, இங்கிலீஷ் மருந்த மட்டும் நம்பாதீங்க. மணத்தக்காளிக் கீரைய வாரம் மூணு நாள் பாசிப்பருப்போட கூட்டு வெச்சுக் குடுங்க. மாசிக்காயச் சந்தனக் கல்லுல தேனோட இழைச்சு ஈறுல தடவுங்க. காலையில வெறும் வயித்துல நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்லுங்க. சாக்லெட்ட நிறுத்துங்க. ராத்திரி உப்புத் தண்ணி. கிராம்பு எண்ணெயப் பஞ்சுல நனைச்சுக் குழியில வைக்கலாம். கொய்யா இலையக் கொதிக்க வெச்சும் கொப்பளிக்கலாம். இதெல்லாம் செஞ்சா பல்லு பிடுங்கவே வேண்டியதில்ல. எங்க ஆயா எண்பது வயசுல கரும்பு கடிச்சாங்க.

வெண்பல்:

நான் பல் மருத்துவர், குழந்தைகளுக்குத்தான் பார்க்கிறேன். செல்வி அம்மா, சொன்னது அந்தச் சித்தியோட தப்பு இல்ல. 2017 எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10லேர்ந்து அமல்ல இருக்கு. கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் ஒருத்தர வற்புறுத்தி அதைச் சொல்ல வைக்க முடியாது, சொன்னவங்களுக்கு வைத்தியம் மறுக்கவும் கூடாது. அதுபோக, கையுறை, முகக்கவசம், ஆட்டோகிளேவ்ல வெச்சு நீராவியில கிருமி நீக்கின கருவி எல்லாம் வர்ற ஒவ்வொருத்தருக்கும் போட வேண்டியது. யாருக்கு என்ன இருக்குன்னு முகத்துல எழுதியா இருக்கு? ஒரு பையனுக்கு மட்டும் ஷீட் விரிக்கிறாங்கன்னா, மத்தவங்களுக்கு என்ன செய்றாங்கன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. ஆனா சொல்றதுல நன்மையும் இருக்கு. பல் பிடுங்கறதுக்கு முன்னாடி ரத்தத்துல தட்டணு, வெள்ளணு பார்க்கணும். சாப்பிடுற மாத்திரை தெரிஞ்சாத்தான் வேற மருந்து எழுத முடியும்.

செல்வி அம்மா, கீரை நல்லது, குடுங்க. ஆனா குழி விழுந்த பல்லு கொய்யா இலையில அடையாது. உங்க ஆயா சின்ன வயசுல தினமும் சர்க்கரைப் பாகுல கரைச்ச மருந்து குடிச்சிருக்க மாட்டாங்க. இந்தப் பிள்ளைங்க பிறந்து ஆறாவது வாரத்துலேர்ந்து வேற தொற்று வராம இருக்கக் கோட்ரைமாக்சசோல் சிரப் குடிக்குதுங்க, இனிப்பு. வாயில வெள்ளை படிஞ்சா நிஸ்டாட்டின், அதுவும் இனிப்பு. எச்.ஐ.வி.க்கான லோபினாவிர் சிரப் வாயில வைக்க முடியாத கசப்பு, அதனால குடிச்ச கையோட வீட்டுல ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுவாங்க. எச்சிலும் சில பிள்ளைங்களுக்குக் குறைவா ஊறும். ராத்திரி மருந்தைக் குடிச்சுட்டு அப்படியே தூங்கினா சர்க்கரை விடிய விடிய பல்லுலயே நிக்கும். சாக்லெட்டே வாங்கித் தராத வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தை இருக்குதுன்னா இது காரணமா இருக்கலாம். மருந்தை நிறுத்தவே கூடாது. குடிச்ச உடனே ரெண்டு மடக்குத் தண்ணி, கைக்குழந்தைன்னா ஈரத் துணியால ஈறைத் துடைக்கணும், ராத்திரி மருந்துக்கு அப்புறம் பல் தேய்ச்சுட்டுத்தான் படுக்கணும். ஃப்ளூரைடு பேஸ்ட், மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு.

பால் பல்தானே, விழுந்துடும்னு விடாதீங்க சித்தி. கடைவாய்ப் பால் பல் விழப் பத்துப் பன்னெண்டு வயசாகும். நாலு வருஷம் வலியோட இருக்கணுமா? வலிச்சா சாப்பாடு இறங்காது, எடை ஏறாது. ஏ.ஆர்.டி. சென்டர்ல போறப்பெல்லாம் எடை பார்க்கிறாங்க, வாயைத் திறந்து பார்க்கச் சொல்லி நாமதான் கேட்கணும்.

தேனிக்காரர் சொன்ன வீக்கம் முக்கியம். வலியில்லாத, வத்தாத எச்சில் சுரப்பி வீக்கம், ஆறெட்டு வாரம் தாண்டின குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வாயில வெள்ளை, கடைவாய் ஓரத்துல வெடிப்பு, பல் ஓரமா ஈறுல கோடு போட்ட மாதிரிச் சிவப்பு. ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடியே எச்.ஐ.வி. இருக்கலாம்னு வாய் சொல்லிடும்.

என் கதைன்னு கேட்டா ஒண்ணுதான். படிக்கிற காலத்துல இப்படி ஒரு பிள்ளைக்குப் பார்க்கிறப்ப நான் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கையுறை போட்டேன். அவ என் கையையே பார்த்துட்டிருந்தா.

இருபத்திமூணு:

நான் பிறந்ததுலேர்ந்து பாசிட்டிவ். இப்ப வயசுதான் பேர்ல இருக்கு. சின்ன வயசுல வாய்ப்புண்ணுக்கு ஜி.வி. பெயின்ட் தடவுவாங்க, வாயெல்லாம் கத்திரிப்பூ கலரு. யாராவது கேட்டா நாவல்பழம் சாப்பிட்டேன்னு சொல்லுன்னு அம்மா சொல்லி அனுப்புவாங்க. மூணாங்கிளாஸ்ல ஒரு மார்கழி மாசம், பக்கத்துல உக்கார்ற பிள்ளை, "இப்ப ஏது நாவல்பழம்? எனக்கும் ஒண்ணு குடு"ன்னு கையை நீட்டினா. கையை நீட்டிக்கிட்டே இருந்தா. இல்லன்னு சொன்னேன், பொய் சொல்றேன்னு டீச்சர்கிட்ட போனா. டீச்சர் நாக்கை நீட்டச் சொன்னாங்க. கிளாஸே பார்த்துச்சு. அன்னைக்கு அந்தப் பிள்ளை மேல வந்த கோபம் இப்ப இல்ல. அவ பழம்தான் கேட்டா.

எல்லாருக்கும் பால் பல் விழுந்து ஓட்டைப் பல்லாச் சிரிச்ச குரூப் போட்டோல நான் மட்டும் வாய மூடியிருப்பேன். எனக்குப் பல் விழுந்ததும் லேட், முளைச்சதும் லேட்.

கரூர் அக்கா, சின்னப் பசங்கன்னா விரிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, அவன் நம்பியிருக்க மாட்டான். மத்த பிள்ளைங்க எந்திரிச்சு வர்றப்ப ஷீட் இருந்துச்சான்னு அவன் பார்த்திருப்பான். நாங்க பார்ப்போம். எனக்குப் பத்து வயசுல ஒரு கவுன்சிலர் அக்கா, "உன் ரத்தத்துல ஒரு கிருமி தூங்குது, மாத்திரைதான் அதை எழுப்பாம வெச்சிருக்கு"ன்னு சொன்னாங்க. பேர் அப்புறம்தான் சொன்னாங்க. அவனுக்கும் அந்த அளவுக்குச் சொல்லலாம். உங்க சென்டர் கவுன்சிலர்கிட்ட பேசுங்க, ப்ளீஸ். அவன் தன் மேலதான் ஏதோ தப்புன்னு நெனச்சுட்டிருக்கான்.

சேலம் செல்வி:

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். கிராம்பு எண்ணெய் வலிக்குக் கேட்கும், டாக்டரே இல்லன்னு சொல்லட்டும்.

வெண்பல்:

கொஞ்ச நேரத்துக்குக் கேட்கும்மா. நிறைய வெச்சா பிள்ளைக்கு ஈறு வெந்துடும்.

கரூர் சித்தி:

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். ஆமா, அவன் பார்த்துட்டுத்தான் இருந்தான். கதவு திறக்கறப்பெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தான், நான் விளையாட்டுன்னு நெனச்சேன்.

சென்டர்ல கவுன்சிலர் மேடம்கிட்ட போன்ல பேசிட்டேன். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பல் பிரிவுக்கு அவங்களே சீட்டு எழுதித் தர்றாங்களாம், கூடவும் வர்றேன்னாங்க. அவன்கிட்ட பேசறதுக்கும் தனியா நாள் குடுத்திருக்காங்க. வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன். பல்லு பார்க்கப் போறோம்டான்னு சொன்னதும் எந்திரிச்சுப் போய் பீரோவுலேர்ந்து முழுக்கால் பேன்ட எடுத்து வெச்சுட்டான்.